யாருடைய வலம்?

நாடகமும் அரங்கியலும் பாடத்தைத் தெரிவுசெய்து முதன்முதலாக வகுப்புக்கு வரும் மாணவர்களுக்கு, கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். முன்பு அப்படித்தான் கற்பித்தேன். அவர்களும் மனனம் செய்து தவறில்லாமல் எழுதினார்கள். ஆனால் ஒரு நாள் ஒத்திகையில் "எல்லோரும் மேல் வலத்துக்குப் போங்கள்" என்றபோது, ஏழு பேரில் நால்வர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமும் நடந்து, நடுமேடையில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். சொல் அவர்களுடைய கொப்பியில் இருந்தது. காலுக்கு அது போய்ச் சேரவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

மேடையில் வலம் என்பது எப்போதும் நடிகருடைய வலம். பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலக்கைப் பக்கம் எதுவோ, அதுவே மேடையின் வலம். எதிரே அமர்ந்திருக்கும் நெறியாளருக்கு அது இடப்பக்கமாகத் தெரிந்தாலும், நடந்துபோக வேண்டியவர் நடிகர் என்பதால் அவருடைய உடலே அளவுகோலாகிறது. மேல், கீழ் என்ற சொற்களுக்கும் இத்தகைய நடைமுறைக் காரணம் உண்டு. பின்னால் நிற்பவரும் பார்வைக்குப் படவேண்டும் என்பதற்காக, ஐரோப்பாவின் பழைய அரங்குகள் பலவற்றில் மேடைத் தளம் பின்புறம் உயர்ந்து, பார்வையாளர் பக்கம் சரிந்து வருமாறு அமைக்கப்பட்டது. இன்று தளம் பெரும்பாலும் சமமாகிவிட்டபோதும், பின்பகுதி மேல்மேடை என்றும் முன்பகுதி கீழ்மேடை என்றும் நிலைத்துவிட்டன. இருவர் உரையாடும் காட்சியில் ஒருவர் மட்டும் மேல்மேடைக்கு நகர்ந்தால், மற்றவர் அவரைப் பார்ப்பதற்காகத் தம் முதுகைப் பார்வையாளருக்குக் காட்ட நேர்கிறது. இரண்டு மாணவர்களை நிறுத்தி இதைச் செய்யச் சொன்னால், அதன் பின் விளக்கமே தேவைப்படாது.

இந்த அளவுகள் எல்லாம் பார்வையாளர் ஒரு பக்கத்தில் மட்டும் அமர்ந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்கு உரியவை. மட்டக்களப்பில் கூத்தாடும் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரிக்குப் போனால் மேலும் இல்லை, கீழும் இல்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் மத்தளம் வாசிப்பவரும் பிற்பாட்டுக்காரரும் நடுவே நிற்க, கூத்தர்கள் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். பார்வையாளர் நாற்புறமும் இருப்பதால் எந்தத் திசைக்கும் முதுகைக் காட்டி நெடுநேரம் நிற்க முடியாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடிய விடிய ஆடியதைச் சுருக்கியது மட்டும் மாற்றமன்று. வட்டமாகச் சுழன்ற ஆட்டத்தை ஒரு பக்கத்துப் பார்வையாளருக்காகத் திருப்பி அமைக்க வேண்டியிருந்தது என்பதே மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி.

நம் அரங்கச் சொற்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை என்று எண்ணுபவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஒருமுறை படிக்க வேண்டும். அக்கால நீள அளவான கோலில் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், இரண்டு வாயில்கள் என்று அரங்கின் அமைப்பைச் சொல்லிவிட்டு, தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைப்பதையும் இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். ஒளியமைப்புச் செய்யும் எவருக்கும் இன்றும் முதற் கவலை அந்த நிழல்தான். திரைக்கு மூன்று பெயர்கள் அங்கே உள்ளன: ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி, இரு பக்கத்திலிருந்தும் வந்து பொருந்துவது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. எங்கள் மண்டபத்தில் இருப்பது பொருமுக எழினி என்று மாணவர்கள் இப்போது இயல்பாகவே சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

நடிப்புச் சொற்களில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது மெய்ப்பாட்டுக்கு. உள்ளத்து உணர்ச்சி மெய்யில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் காரணங்களை நான்கு நான்காகத் தருகிறது. அழுகை இளிவிலும் இழவிலும் அசைவிலும் வறுமையிலும் பிறக்கும். அதாவது பிறரால் இகழப்படுவது, உற்றாரையோ உடைமையையோ இழப்பது, முன்னைய நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமையால் வருந்துவது. இந்த உணர்ச்சி எந்தச் சூழலில், எதனால் பிறக்கிறது? ரஷ்ய நெறியாளர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி 'தரப்பட்ட சூழ்நிலைகள்' என்று நடிகரிடம் கேட்டதும் ஏறத்தாழ இந்தக் கேள்வியைத்தான்.

சென்ற தவணையில், கையில் ஒரு கடிதத்துடன் அழ வேண்டிய மாணவி ஒருத்தி, முகத்தைக் கைகளால் மூடித் தோள்களைக் குலுக்கினாள். நான்கில் எது என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்து, "இளிவு, சேர்" என்றாள். மறுமுறை அவள் முகத்தை மூடவில்லை. கடிதத்தை நான்காக, எட்டாக மடித்து உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று வாயிலைத் திரும்பிப் பார்த்தாள்.