பெரியம்மாவும் ஆறு மாதக் கணக்கும்

பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரில் தனியாக வசிக்கும் என் பெரியம்மாவுக்குப் பல ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு உண்டு. சென்ற மாதம் நான் கிருஷ்ணகிரியிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைக் காட்டினா போன்லயே டாக்டரு பாப்பாங்களாப்பா?" என்று கேட்டார். பலருக்கும் இருக்கும் குழப்பம்தான் இது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வழங்கப்படும் அந்த அட்டை, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது. காணொளி ஆலோசனைக்கென மத்திய அரசு நடத்தும் இ-சஞ்சீவனி சேவையோ வருமானச் சான்றையும் கேட்பதில்லை, குடும்ப அட்டையின் நிறத்தையும் பார்ப்பதில்லை. நோயாளியிடம் கட்டணமும் வாங்குவதில்லை.

ஆகவே, தகுதி என்றவுடன் பணத்தை நினைப்பது தவறு. உண்மையான தகுதி விதிகள் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலை மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கின்றன. அவற்றைப் பெரியம்மாவின் விஷயத்தில்தான் நான் முதன்முதலாக நிதானமாகப் படித்தேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் இருந்தபடியே, அவருக்குப் பதிலாக நானே மருத்துவரிடம் பேச முயன்றேன். நோயாளி அருகில் இல்லை என்று தெரிந்ததும் மருத்துவர் மறுத்துவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் நோயாளி உடன் இல்லாமல் பராமரிப்பவர் மட்டும் பேச வேண்டுமானால், நோயாளி சிறு வயதினராகவோ மறதி நோய் போன்றவற்றால் இயலாதவராகவோ இருக்க வேண்டும். இல்லையெனில், அவரே முறைப்படி அனுமதி அளித்திருக்க வேண்டும். நல்ல நினைவோடு இருக்கும் பெரியம்மாவின் நோயைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேச எனக்கென்ன உரிமை என்று பிறகு யோசித்தபோது, அந்த மறுப்பு நியாயமாகவே பட்டது.

அடுத்த முறை ஊர்த் துணை சுகாதார நிலையத்தில், செவிலியர் பக்கத்தில் இருக்க, பெரியம்மாவையே திரையின் முன் அமர வைத்தோம். அழுத்தம் கூடியிருந்ததால் இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டியிருந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக நேரில் எப்போது காட்டினீர்கள் என்பது. தருமபுரி போய் ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. நெறிமுறைகளின்படி, முந்தைய ஆலோசனை முடிந்து ஆறு மாதங்களுக்கு மேல் போய்விட்டால், அதே நோயாக இருந்தாலும் அது மீண்டும் முதல் ஆலோசனையாகவே கொள்ளப்படும். ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு புதிய மருந்து சேர்ப்பது, நேரில் பார்த்த நோயாளியின் தொடர் ஆலோசனையில் மட்டுமே இயலும். நேரில் வரச் சொல்லிவிட்டார்.

ஏழு மாதம் ஏன் போகவில்லை என்று கேட்டேன். மாத்திரைதான் வீட்டுக்கே வருகிறதே என்றார். மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது என்பதில் எனக்குச் சற்றே பெருமையும் உண்டு. தன்னார்வலர் மாதந்தோறும் மாத்திரை கொண்டுவருவதால், பேருந்தேறி மருத்துவமனைக்குப் போகும் கட்டாயம் பெரியம்மாவுக்கு இல்லாமல் போயிற்று. அதே காரணத்தால் காணொளி வழியாகத் தொடர் சிகிச்சை பெறும் தகுதியும் அவருக்கே தெரியாமல் நழுவிப் போயிற்று. ஒன்றுக்கொன்று துணையாக இருக்க வேண்டிய இரண்டு நல்ல திட்டங்கள் ஒன்றின் நாட்காட்டியை மற்றொன்று பார்க்காமல் நடக்கின்றன. மாத்திரை தரும்போதே கடைசி நேரடிப் பரிசோதனையின் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

மெல்பர்னில் இருக்கும் பெரியம்மாவின் மகன், அவர்கள் நாட்டிலும் இது போன்ற விதி உண்டு என்றார். 2020 ஜூலை முதல், குடும்ப மருத்துவரின் தொலைபேசி, காணொளி ஆலோசனைக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு பணம் தர வேண்டுமானால், சில விலக்குகள் நீங்கலாக, முந்தைய 12 மாதங்களுக்குள் அதே மருத்துவமனையில் நேரில் காட்டியிருக்க வேண்டுமாம். அங்கே அந்த விதி அரசு தரும் பணத்துக்கானது, இங்கே மருந்துக்கானது.

மறுவாரம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சீட்டு எழுதி வாங்கினோம். ஆறு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று நாட்காட்டியில் நானே வட்டமிட்டு வந்தேன். வட்டத்துக்குள் அன்று அமாவாசையும் விழுந்திருப்பதால், ஒரு நாள் முன்னதாகவே போய்விடலாம் என்கிறார் பெரியம்மா.