காட்டோரத்தில் அரிசி போட்டால் காட்டுக்கோழி வருமா?

வரும். கட்டாயம் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்கக் காட்டு வான்கோழி வேட்டை வீடியோக்களை இலங்கை மலைநாட்டில் எங்கள் தோட்டத்துப் பையன்கள் இப்போது விடாமல் பார்க்கிறார்கள். டெக்சாஸில் ஒருவர் ட்ரம் ஒன்றைக் கம்பத்தில் தூக்கிக் கட்டி, டைமர் வைத்து நேரத்துக்கு நேரம் சோளத்தைச் சிதறவிடுகிறார், வான்கோழிக் கூட்டம் ஓடி வருகிறது, சுடுகிறார். அதைப் பார்த்துவிட்டு "மாமா, நம்ம பக்கம் அரிசி போட்டா காட்டுக்கோழி வராதா?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

டெக்சாஸின் பெரும்பகுதியில் இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அலபாமா, ஜோர்ஜியா, பென்சில்வேனியா, மிசூரி போன்ற மாநிலங்களில் தீனி போட்டு வான்கோழி சுடுவது குற்றம். மிசூரியில் போட்ட சோளத்தைக் கூட்டி அள்ளிய பிறகும் 10 நாளைக்கு அது தீனி போட்ட இடமாகவே கணக்கு. இந்தக் கண்டிப்பு நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். அங்கே வசந்தகால வேட்டையில் பெரும்பாலும் சேவலைத்தான் சுடலாம். வேட்டைக்காரர் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, சின்ன மரப்பெட்டியை உரசியோ வாயாலோ பெட்டையின் குரலை எழுப்புவார், சேவலுக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டினாலும் திரும்பிப் போய்விடும். சோளம் அப்படி ஆள் பார்த்துக் கூப்பிடாது. சேவலும் வரும், முட்டையிடப் போகிற பெட்டையும் வரும், அவற்றைத் தேடி நரியும் வரும். தினமும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கொத்துவதால் நோயும் சுலபமாகப் பரவும்.

பூஞ்சணம் வேறு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வளர்ப்பு வான்கோழிகள் செத்தன, காரணத்தைத் தேடிப் போனபோது பிரேசிலில் இருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு அகப்பட்டது. அஃப்ளாடொக்சின் என்கிற அந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான். சோளத்திலும் அதே நஞ்சு உண்டாகும். நம்ம மலை மழையில் வெளியே கொட்டிய தானியம் எத்தனை நாள் தாங்கும், யோசித்துப் பாருங்கள்.

தீனி போட்டுப் பறவையை வரவழைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வரைமுறையில்லாத வேட்டையாலும் காடழிப்பாலும் பல அமெரிக்க மாநிலங்களில் காட்டு வான்கோழி அற்றே போயிருந்தது. 1950-களில் இருந்து அதை மீட்டவர்களும் சோளம்தான் தூவினார்கள், ஆனால் வந்த கூட்டத்தின் மேல் வெடிவைத்துப் பாய்ச்சுகிற வலையை வீசி, உயிரோடு பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள்.

சரி, நம்ம காட்டுக்கோழி. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள், நாட்டின் தேசியப் பறவை. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது, சுட்டாலும் கண்ணி வைத்தாலும் குற்றம். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் நெலு என்கிற குறிஞ்சி இனச் செடி பூத்து விதை உதிர்க்கிற காலத்தில் காட்டே தீனி போட்ட மாதிரி இவை கூட்டமாகச் சேரும், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அந்தப் பருவம் பார்த்துப் போய்ச் சுட்டார்கள். அந்தக் காலம் திரும்பி வரவே கூடாது.

எங்கள் பக்கம் துப்பாக்கியைவிடப் பயங்கரம் கம்பிச் சுருக்கு. அரிசியைத் தூவிச் சுருக்கு வைத்தால் கோழி மட்டும்தான் மாட்டும் என்று யாரால் சொல்ல முடியும்? கோழி கூடுகிற இடத்துக்குக் காட்டுப்பூனை வரும், சிறுத்தையும் வரலாம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் சுருக்கு இறுகிக் கிடந்தது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள், சில நாளில் செத்துவிட்டது. மலைநாட்டில் கருஞ்சிறுத்தை எவ்வளவு அபூர்வம்! அந்தப் படத்தை இன்றைக்கும் என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

காட்டுக்கோழியைப் பார்க்க ஆசை என்றால், விடிய முன்னமே போய்க் காட்டோரத் தேயிலை மலையில் சத்தம் போடாமல் உட்காருங்கள் தம்பிமாரே, அரிசியே தேவையில்லை. அப்புறம், போகிற வழியில் சுருக்கில் ஏதாவது மாட்டியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள், உடனே வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.