போர்ச் செய்தியில் முதலில் பார்ப்பது சம்பளத்தை

ரஷ்ய–உக்ரைன் போர் பற்றி இடதுசாரி ஏடு ஒன்றுக்குச் செய்தி தொகுப்பவருக்குத் தலைவர்களின் உரைகள் குவியும். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, யாருக்கு எவ்வளவு பணம் போகிறது என்று பார்ப்பதுதான் பயனுள்ள தொடக்கம்.

ஒப்பந்தச் சிப்பாய்க்கு ரஷ்ய மத்திய அரசு ஒரே தவணையாகத் தரும் தொகை 2024 ஆகஸ்டில் 1,95,000 ரூபிளிலிருந்து 4,00,000 ஆனது. அதற்குமேல் பிராந்தியங்கள் தருவது தனி; மாஸ்கோ நகரம் அறிவித்தது 19 லட்சம். நாட்டுப்பற்று பொங்கி வழியும் இடத்தில் ஆள்விலை ஏன் ஏறுகிறது? 2022 செப்டம்பரில் 3 லட்சம் பேரைத் திரட்ட ஆணை வந்ததும் ஏராளமான ஆண்கள் எல்லை தாண்டினார்கள். அதன்பின் கிரெம்ளின் பெரிதும் நம்பியிருப்பது காசைத்தான்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பிராந்தியத் தொகை கையெழுத்திடும் ஊரைப் பொறுத்தது. ஏழைப் பகுதிக்காரர் பணக்கார நகரத்துக்குப் போய்க் கையெழுத்திடுவார். ஆட்சேர்ப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மாஸ்கோக்காரர்களே போருக்குப் போவதுபோலத் தெரியும்.

ரஷ்யப் படையினரின் இறப்புக்கு, சுயேச்சையான ரஷ்யச் செய்தித்தளம் மீடியாசோனாவும் பிபிசி ரஷ்யப் பிரிவும் பெயர் பெயராகச் சேர்க்கும் பட்டியல் உண்டு. இரங்கல் செய்தி, உள்ளூர் ஏடு, கல்லறை என்று தேடிச் சேர்த்தது. அது குறைந்தபட்ச எண். 'மொத்தம்' என்று எழுதினால் பிழை. சிற்றூர்ச் சாவு வெளியே தெரிந்துவிடும், பெருநகரச் சாவு பல சமயம் தெரியாது. ஆகவே பிராந்திய ஒப்பீட்டிலும் நிதானம் வேண்டும்.

உக்ரைன் பக்கமும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2022 ஆகஸ்டில் கையெழுத்தான 5371 எண் மசோதா, 250 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களில் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பைப் போர்க்காலத்துக்குத் தளர்த்தியது. படையெடுப்பை எதிர்க்கும் உக்ரைன் இடதுசாரிகளே இதையும் எதிர்த்தார்கள். இதைச் சொல்லும் அதே கட்டுரையில் படையெடுத்தது யார் என்பது மங்கினால், கட்டுரை கெட்டது.

நம் தோழர்கள் சறுக்குவது சின்னங்களில். ரஷ்ய டாங்கி சிலவற்றில் செங்கொடி பறந்ததும் சிலருக்கு மனம் இளகிவிட்டது. படையெடுப்புக்கு மூன்று நாள் முன்பு, 2022 பிப்ரவரி 21 உரையில், உக்ரைனைப் படைத்ததே லெனின் என்று புதின் பழித்ததை அவர்கள் படிக்கவில்லை போலும். 2012-இல் தோம்ஸ்க் பத்திரிகையாளர்கள் தொடங்கிய 'அழியாப் படையணி' ஊர்வலத்தில் மக்கள் இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற தம் வீட்டுப் போர்வீரர் படத்தை ஏந்தி நடந்தார்கள்; சில ஆண்டுகளில் அரசே அதைத் தன் விழாவாக்கிக்கொண்டது.

ரஷ்யாவிலிருந்து எழுதுபவரின் பெயர், ஊர், தொழிற்சாலை மூன்றையும் நீக்கியே அச்சிட வேண்டும். படை பற்றிய 'பொய்ச் செய்தி'க்கு 15 ஆண்டு வரை சிறை. மார்க்சியர் போரிஸ் ககர்லீத்ஸ்கிக்கு, வேறொரு சட்டப்பிரிவில், முதலில் அபராதம் விதித்துவிட்டு 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் 5 ஆண்டு சிறை என்று மாற்றினார்கள். அவரைப் பற்றி எழுதும்போது 2014-இல் கிழக்கு உக்ரைனின் தொன்பாஸ் பகுதியில் நடந்த ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சியை ஆதரித்தவர் என்பதையும் சேர்க்க வேண்டும். அதை மறைத்துவிட்டு உக்ரைன் தோழர்களிடம் அடுத்த கட்டுரை கேட்க முடியாது.