மண்டை மகன்

பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மண்டை, அவ்வளவுதான். என்.சி.சி. தொப்பியைப் பின்பக்கம் கிழித்து ஊக்குக் குத்திப் போட்டிருந்தேன். ஹெல்மெட் வாங்க நாலு கடை ஏறி இறங்கினேன்.

அதனால் பையன் பிறந்தபோது மற்றவர்கள் மூக்கு யார் ஜாடை, காது யார் ஜாடை என்று தேட, நான் பார்த்தது தலையைத்தான்.

ஆறாம் மாதம் ஊசி போடப் போயிருந்தோம். டாக்டரம்மா புருவத்துக்குச் சற்று மேலே டேப்பை வைத்து, பின்மண்டைப் புடைப்பு வழியாகச் சுற்றினார். அவிழ்த்து மறுபடி சுற்றினார். மூன்றாவது முறையும் அதே 46 செ.மீ. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி அது ஒரு வயது ஆண் குழந்தையின் சராசரி. உச்சிக்குழியைத் தடவினார், புடைப்பு இல்லை. அப்புறம் பழைய அட்டையைக் கேட்டார். நாலாம் மாதம் வேறொரு கிளினிக்கில் 42 என்று எழுதியிருந்தார்கள். இரண்டே மாதத்தில் நாலு சென்டிமீட்டரா? அந்த வயதில் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. தலை பெரிதாக இருப்பதைவிட, வளர்ச்சி அட்டையில் கோடு திடீரென்று மேலே தாவுவதுதான் அவர்களுக்குக் கவலை. உள்ளே நீர் கோத்திருக்கலாம்.

உச்சிக்குழி மூடாத வயதில் அதன் வழியாகவே ஸ்கேன் எடுத்துவிடலாம். எடுத்தோம். பையன் ஜெல்லின் குளிர்ச்சிக்கு மட்டும் அழுதான். நீர் இல்லை, எல்லாம் சரி. அந்த 42தான் தப்பு. டேப்பை அகலமான இடத்தில் வைக்காமல் அளந்திருக்கிறார்கள்.

"சார், நீங்க இப்படி உக்காருங்க" என்று அதே டேப்பை என் தலையில் சுற்றினார் டாக்டரம்மா. 60. "குடும்பச் சொத்துதான்" என்று சிரித்தார். தலை பெரிதான குழந்தை வந்தால் அப்பா அம்மா தலையையும் அளப்பது அவர்கள் வழக்கமாம்.

வீட்டில் அப்பத்தா விடவில்லை. "பெரிய மண்டைடா, கலெக்டர்தான்!" நான் பிளஸ் டூ கணக்கில் இருநூற்றுக்கு 71 வாங்கியவன் என்பது அதற்கு மறந்துபோயிருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 2012இல் ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தலைச் சுற்றளவை அவர்கள் மரபணுவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். தலையளவோடு தொடர்புடையதாகப் பன்னிரண்டாவது குரோமோசோமில் இரண்டு இடங்கள் சிக்கின. ஒன்று எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணுவின் பக்கத்தில். உயரத்தோடு தொடர்புடையது என்று ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் இப்படி ஓர் இடத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் மாற்றம் தரும் வித்தியாசம் டேப்பில் தெரியாத அளவு. ஆக என் 60க்குக் காரணம் ஒரு மரபணு இல்லை, பொடிப்பொடியாக ஏராளமானவை சேர்ந்தது. ஏ.எஸ்.பி.எம். மாதிரி ஒற்றை மரபணு அப்பா, அம்மா தந்த இரண்டு பிரதியிலும் பழுதானால் தலை மிகச் சிறுத்துப்போகும், அறிவு வளர்ச்சியும் அடிபடும். அது வேறு கதை. சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் அதிகம் தென்படுகிறது.

சரி, கலெக்டர் விஷயம்? 2015இல் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மூளையின் அளவுக்கும் ஐ.க்யூ.வுக்கும் உள்ள ஒட்டுறவு 0.24 (முழுக்க ஒத்துப்போனால் 1). ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் அதோடு சேர்ந்து போகிறது. மீதி 94 என் மண்டையில் எழுதியிருக்கவில்லை. மூளையை நேராக ஸ்கேனில் அளந்தபோதே இவ்வளவுதான். டேப் மண்டையோட்டின் தடிமனையும் சேர்த்தல்லவா அளக்கிறது!

அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். "நூத்துக்கு ஆறாவது இருக்குல்ல" என்றது.

போன வாரம் முதல் பிறந்தநாள். தலை 48.8, அதே கோட்டை ஒட்டியே போகிறது. மாமா வாங்கி வந்த ஒரு வயதுத் தொப்பி காதுவரைகூட இறங்கவில்லை. என் மனைவி கத்தரிக்கோலை எடுத்துப் பின்பக்கம் கிழித்தாள். ஊக்கு நான் எடுத்துக் கொடுத்தேன். "குழந்தை தலையில ஊக்கா?" என்று திட்டிவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்தாள்.