25 லட்சம் கார்டும் சுகர் மாத்திரையும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான எங்கள் நகரியில் நாலு பேர் சேர்ந்தால் மெடிக்கல் காலேஜ் பேச்சுதான். 2025 செப்டம்பரில் ஆந்திர அமைச்சரவை, பத்து புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் தனியாரோடு சேர்ந்து பிபிபி (அரசு-தனியார் கூட்டு) முறையில் நடத்தலாம் என்று முடிவெடுத்ததிலிருந்து இது ஓடிக்கொண்டிருக்கிறது. மதனப்பள்ளி, ஆதோனி, மார்க்காபுரம், புலிவெந்துலா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இதை எதிர்த்து ஜெகன் கட்சி கோடிக் கையெழுத்து வாங்கப்போகிறோம் என்று ஊர் ஊராக இறங்கியது. சந்திரபாபு தரப்பு, அரசு மட்டும் கட்டினால் எந்தக் காலத்தில் முடியும் என்று கேட்டது.

நான் அரசே நடத்த வேண்டும் என்கிற கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்றைக்குக் கையெழுத்து வாங்குகிறவர்களின் ஆட்சிதான் 2023-ல் புதிய அரசுக் கல்லூரிகளிலேயே 35 சதவீத இடங்களுக்கு வருடம் 12 லட்சம், என்ஆர்ஐ இடங்களுக்கு 20 லட்சம் என்று கட்டணம் வைத்து அரசாணை போட்டது. அப்படி லட்சங்களைக் கொட்டிப் படித்து வெளியே வருகிற பிள்ளை நகரி ஏரியா ஆஸ்பத்திரியில் வந்து உட்காருமா? போர்டில் அரசு என்று எழுதியிருந்தால் போதாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எனக்குப் பெரிய கவலை கல்லூரியைவிட கார்டுதான். ராஜசேகர ரெட்டி 2007-ல், ஏழைகளின் ஆஸ்பத்திரிச் செலவை அரசே கட்டுகிற ஆரோக்கியஸ்ரீ கார்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் அதற்குப் பெயர் மாறும், இப்போது என்டிஆர் வைத்திய சேவா. 2023 டிசம்பரில் சிகிச்சைச் செலவு வரம்பை 25 லட்சமாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்ததும் ஏறக்குறைய இதே வழியில்தான். இதனால் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அதை மறுக்கவே முடியாது. இருதய ஆபரேஷனைக் கனவில்கூட நினைக்க முடியாத தறிக்காரக் குடும்பங்கள் கையில் கார்டோடு திருப்பதிக்குப் போய் நடந்து திரும்பி வந்திருக்கின்றன.

சரி, ஆனால் அந்தக் கார்டு எதற்குப் பணம் கொடுக்கிறது? பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால், பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருந்தால். எங்கள் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம், கார்டுக்காரர்களுக்கு உதவ வைத்திருக்கிற மித்ரா கவுண்டரில் இருந்த பையன் கார்டை வாங்கிக்கொண்டு 'அப்ரூவல் வர்ற வரைக்கும் டெஸ்ட்டுக்கெல்லாம் கேஷ் கட்டிடுங்க' என்றான், சித்தி காதிலிருந்த கம்மல் அன்றைக்கே அடகுக்குப் போனது. ஆபரேஷனுக்குப் பைசா வாங்கவில்லை, அது உண்மை. சில சிகிச்சைகளுக்கு ஒரு வருடம் வரை பின்தொடர் மருந்தும் கிடைக்கும். அதற்கப்புறம்? ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, பிபிக்கு ஒன்று, சுகருக்கு இரண்டு, எல்லாம் ஆயுளுக்கும். ஏகாம்பரகுப்பத்தில் தறி ஓட்டுகிற ஆளுக்குக் கடன் ஏறுவது ஆபரேஷனில் இல்லை, மாதாமாதம் மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற பணத்தில்தான்.

அதனால்தான் எங்கள் ஊரிலிருந்து பலர் பஸ் ஏறித் திருத்தணி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சித்தப்பாவோடு நானும் போயிருக்கிறேன். ஓபி சீட்டு, ஒரு நோட்டு, வரிசை. மருந்து கொடுக்கிற அம்மா 'போன மாசத்து அட்டை மிச்சம் இருக்கா?' என்று கேட்டு எண்ணிப் பார்த்துத்தான் அடுத்ததைக் கொடுக்கிறார். விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்த அட்டை. நகரி என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள், திருப்பி அனுப்பியதில்லை. அந்த அட்டைக்குப் பின்னால் 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, ஆய்வகத்தில் தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் போட்டு அனுப்புகிற ஏற்பாடு. பிறகு கேரளா, ராஜஸ்தான் எல்லாம் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. கேட்க சுவாரசியமே இல்லாத விஷயம், எந்தத் தலைவரும் மேடையில் பேசமாட்டார், ஆனால் சித்தப்பா உயிரோடு இருப்பது இதனால்.

ஆந்திரா ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. 108 ஆம்புலன்ஸ் 2005-ல் ஐதராபாத்தில்தான் முதலில் ஓடியது, தமிழ்நாட்டுக்கு அது 2008-ல் போனது. எல்லையில் இருப்பதால் இரண்டு பக்கத்து நல்லதும் எங்கள் கண்ணில் படுகிறது.

தனியார் என்றாலே கொள்ளை என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. வேலூர் சிஎம்சியும் அரசு ஆஸ்பத்திரி இல்லை, ஐடா ஸ்கடர் 1900-ல் ஆரம்பித்தது, சித்தூர் ஜனங்களில் பாதிப் பேருக்கு 'பெரிய டாக்டர்' என்றால் இன்றைக்கும் அதுதான். கை கால் முறிந்தால் புத்தூர் கட்டு போட மெட்ராஸிலிருந்தே வருகிறார்கள். ஜனங்கள் ஏன் சாயங்காலம் தனியார் கிளினிக்கில் கூடுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அரசு ஓபி மதியத்தோடு முடிந்துவிடும், அங்கே போனால் அன்றைய தறிக்கூலி போச்சு. நூறு இருநூறு கொடுத்து ராத்திரி எட்டு மணிக்கு டாக்டரைப் பார்ப்பது அவர்கள் கணக்கில் லாபம். வார்டில் கைநீட்டுகிற ஆட்களைப் பற்றியும் தெரியும். இதையெல்லாம் சரிசெய்யாமல் அரசு ஆஸ்பத்திரியைக் காப்பாற்றுவோம் என்று கோஷம் போட்டு என்ன பிரயோஜனம்?

ஆனாலும் ஒன்று. அரசு பாக்கி வைத்தால் தனியார் ஆஸ்பத்திரிகள் கார்டு சேவையை நிறுத்திவிடும், 2025 அக்டோபரிலும் ஆந்திராவில் அப்படி நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் சம்பளம் கொடுக்க வேண்டும். அப்படி நின்ற நாளில் நோயாளி எங்கே போவார்? ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே இருக்கிற ஜிஎச்சுக்குத்தான் போவார். 2017 தேசிய நலக் கொள்கை, நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதத்தை 2025-க்குள் அரசு மருத்துவத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. அந்த அளவை இன்னும் தொடவில்லை. இருக்கிற கொஞ்சத்திலும் பெரும்பகுதியைத் தனியார் பில்லுக்குக் கொடுத்துவிட்டால் ஏரியா ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம் எங்கிருந்து வரும்?

கையெழுத்து கேட்டு வந்தவர்களுக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். கூடவே கேட்டதும் எழுதிவிடுகிறேன்: நகரியில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை ஒரு ஓபி, சுகர் பிபி மாத்திரை மாதம் தவறாமல், அதைக் கொடுக்க நிரந்தர வேலையில் ஒரு ஃபார்மசிஸ்ட். மேலிடத்தில் சொல்கிறோம் அண்ணா என்றார்கள். அடுத்த முறை ஆளும் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் அவர்களிடமும் இதே மூன்றைத்தான் கேட்கப்போகிறேன், நீங்களும் கேளுங்கள்.