ஏழே கால் வண்டி

அப்பா போய் நாற்பது நாள் வரை எனக்கு அழுகையே வரவில்லை. ஃப்ரீசர் பெட்டிக்காரரிடம் வாடகை பேசினேன், நாற்காலி எண்ணினேன். பக்கத்து வீட்டு அக்கா உட்காரவைத்துப் போட்ட ஆறு இட்லியையும் தின்றேன். நல்ல பசி. "கல்நெஞ்சுக்காரன்" என்று சித்தி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கே அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் ஒருநாள் கண்ணாடிக் கடையிலிருந்து போன். "ஐயாவோட கண்ணாடி ரெடியாகி ரொம்ப நாளாச்சு சார், பாக்கி நானூறு." போனேன். கடைப்பையன் துணியால் துடைத்துக் கொடுத்து, "போட்டுப் பாக்கச் சொல்லுங்க, காது பக்கம் இறுக்கினா லூஸ் பண்ணித் தர்றேன்" என்றான். அவ்வளவுதான். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பாவம், அவன் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டான்.

அந்த வாரமே கோபமும் வந்தது. பீரோவில் பிரஷர் மாத்திரை அட்டைகள், பாதிக்கு மேல் பிரிக்காமல். மூன்று நாள் படத்துக்குப் பூ வைக்கவில்லை.

இதெல்லாம்கூடச் சரி. என்னைப் பயமுறுத்தியது சாயங்காலம் ஏழே கால். வாசலில் டிவிஎஸ் 50 வந்து நிற்கும், ஸ்டாண்டு போடும் 'டக்' கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் யாருமில்லை. வண்டியை மச்சானுக்குக் கொடுத்தே ஒரு மாதம் ஆகியிருந்தது.

மூளை குழம்பிவிட்டதோ என்று ராத்திரியில் தேடிப் படித்தேன். வேல்ஸில் டெவி ரீஸ் என்ற டாக்டர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் எழுதியிருக்கிறார். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு, போனவர் பக்கத்தில் இருப்பது போலவோ கண்ணில் தெரிவது போலவோ குரல் கேட்பது போலவோ இருந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை யாரிடமும் சொன்னதில்லை. துக்கம் இந்த வரிசையில்தான் வரும் என்று எல்லாரும் சொல்லும் அந்த 'ஐந்து படிகள்'கூட, எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல டாக்டர் 1969-ல் சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளை வைத்து எழுதியதுதானாம். எனக்கு இட்லி முதலில், அழுகை பிறகு, கோபம் அதற்கப்புறம் என்று வந்ததில் குற்றமில்லை. மாதக்கணக்கில் எழுந்து குளிக்கக்கூட முடியாமல் கிடந்தால் அது வேறு. 14416-க்குப் போன் போடலாம், அரசின் இலவச மனநல உதவி எண்.

மறுநாள் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"உனக்கும் கேக்குதா? நான் எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

ஏழு மணிக்கு எழுந்துபோய் வாசல் லைட்டைப் போட்டாள்.