அக்காவோட மஞ்சத்துணி முடிச்சு

நேத்து காலையிலதான் இலங்கையில, உச்சியில சிவனோட பாதம் பதிஞ்சிருக்குன்னு நாங்க கும்புடுற சிவனொளிபாதமலையிலருந்து எறங்குனேன், முழங்கால் ரெண்டும் இன்னும் நடுங்குது, ஆனா இத இன்னைக்கே எழுதலன்னா மனசு ஆறாது.

இது என் நேர்த்தி இல்ல, அக்காவோடது. லண்டன்ல பொறந்து வளந்த அவ மகன் அந்த நாட்டு ஆர்மியில சேந்து 2009ல ஆப்கானிஸ்தான், ஹெல்மண்ட் பக்கம் போனான். அவன் கெளம்புன அன்னைக்கே அக்கா ஒரு பவுண்ட் காச மஞ்சத்துணியில முடிஞ்சு, புள்ள நல்லபடியா திரும்பட்டும் அப்பனே, அவனையே கூட்டிட்டு வந்து ஒன் பாதத்துல வெக்கிறேன்னு சாமி தட்டுல வெச்சா. ரோந்து போன எடத்துல மண்ணுக்குள்ள பொதச்சு வெச்ச குண்டுல போயிட்டான். 21 வயசு. பெட்டி வந்த அன்னைக்கி ஊட்டன் பசெட்டுன்னு ஒரு சின்ன டவுன்ல, முன்னப்பின்ன தெரியாத சனமெல்லாம் ரோட்டோரம் சத்தமில்லாம நின்னுச்சுடான்னு சொல்லுவா, அதுக்கு மேல பேச மாட்டா. பல வருசம் வெளக்கே ஏத்தல. ஆனா அந்த முடிச்ச மட்டும் தூக்கிப் போடல.

போன மாசம் ஊருக்கு வந்தவங்க கையில அத குடுத்தனுப்பி, "என்னால ஏற முடியாது தம்பி, சாமிக்குச் சொன்னது சொன்னதுதான், நீ போய்ச் செலுத்திட்டு வந்துரு"ன்னா.

அட்டன்ல எறங்குனதும் வேன்காரங்க சுத்திக்கிட்டு வாய்க்கு வந்த காசு கேக்குறாங்க, சீசன்னா சாமி கும்புட வாற சனத்துக்கிட்டயா இப்படி? நான் பஸ்லயே மஸ்கெலியா போய், மலையடிவாரத்துல இருக்குற நல்லதண்ணிக்குப் போயிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஏற ஆரம்பிச்சது, போயான்னு சொல்ற பௌர்ணமி நாள் கூட்டம், கடைசி படிக்கட்டுல ஒரு படி ஏற பத்து நிமிசம், தூறல் வேற. 1997ல அவனுக்கு 9 வயசு, இதே எடத்துல என் தோள்ல ஒக்காந்துக்கிட்டு "மாமா இன்னும் எத்தன படி?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான், நானும் அந்தா தெரியிற லைட்டு வரைக்கும்தான்டான்னு ஒவ்வொரு லைட்டா காட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போனேன். நேத்தும் அந்த லைட்டெல்லாம் வரிசையா எரிஞ்சிச்சு, தோள்தான் காலியா இருந்துச்சு.

பாதத்துக்கிட்ட போனதும் காச எடுத்து வெப்போம்னு முடிச்ச அவுக்குறேன், வெரலெல்லாம் வெறச்சுப் போச்சு, துணி வெளுத்து முடிச்சு கல்லாட்டம் எறுகிக் கெடக்குது, பின்னாலருந்து தள்ளுறாங்க. சரின்னு முடிச்சோடவே வெச்சுட்டேன். வழி நெடுக என்னென்னமோ வேண்டணும்னு நெனச்சுட்டு வந்தேன், "புள்ளய நீ பாத்துக்கப்பா"ங்குறது மட்டும்தான் வாயில வந்துச்சு. கண்ணுல தண்ணி நிக்கல.

வெளிய வந்து மணி அடிச்சேன். எனக்கு இது ஏழாவது தடவ, ஏழு அடிச்சேன். அப்புறம் அவனுக்கு ரெண்டு, அன்னைக்கி நான் தூக்கிப் புடிக்க அவன் அடிச்சது ஒன்னு, இது ஒன்னு. அக்காவுக்குப் போன் போட்டு, அந்த போனை மணிக்கிட்டயே புடிச்சேன், அங்க நடுராத்திரி, முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. கொஞ்ச நேரம் மூச்சு சத்தம் மட்டும் கேட்டுச்சு, அப்புறம் "அங்க குளிருதாடா, சுவெட்டர் போட்டியா?"ன்னா.

அப்பனே, என்னைய மேல வரைக்கும் கூட்டிட்டுப் போனதுக்கு, இத்தன வருசம் அந்த முடிச்ச அவ கையில பத்திரமா வெச்சிருந்ததுக்கு, கோடி நன்றி, கோடி நன்றி. சிவனொளிபாதமே!